பாவு இல்லாத நாட்கள்

சேத்துப்பட்டு, தேவிகாபுரம், முள்ளிப்பட்டு, ஒண்ணுபுரம், அத்திமலைப்பட்டு, ஆரணி. திருவண்ணாமலை மாவட்டத்தின் இந்த வட்டாரத்து நெசவாளர் வீடுகளில் கெட்ட காலத்துக்கு ஒரே பெயர்தான். "பாவு இல்லீங்க." பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழை. பஞ்சம், மந்தம், நெருக்கடி என்று நாம் விதவிதமாக எழுதுவதையெல்லாம் அந்த இரண்டு சொற்கள் அடக்கிவிடும். முதலாளி பட்டு தரவில்லை. தறி சும்மா நிற்கிறது. தார் சுற்றும் பெண்ணுக்கும் வேலை இல்லை. மளிகைக் கடையில் கணக்கு நோட்டைப் புரட்டத் தொடங்கிவிட்டார்கள். கேட்பவருக்கு இவ்வளவும் விளங்கிவிடும். மேற்கொண்டு யாரும் விசாரிப்பதில்லை.

அந்த வீட்டுக்குள் நுழைந்து, "மனம் தளராதீர்கள், நெருக்கடியை வாய்ப்பாக மாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டு வர நம்மில் பலருக்கு ஆசை இருக்கிறது. சொல்வது எளிது, செலவும் இல்லை. ஆனால் அந்த அறிவுரையை அப்படியே தூக்கி எறிந்துவிடவும் முடியவில்லை. ஒரே தெருவில், ஒரே கூலியில், ஒரே மழையில் நனைந்த இரண்டு வீடுகளில் ஒன்று எப்படியோ எழுந்து நிற்கிறது, மற்றது நிற்பதில்லை. இதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அந்த வேறுபாடு மனத்திலிருந்து வருகிறதா, மடியிலிருந்து வருகிறதா? கஷ்ட காலத்தில் ஊக்கத்தோடு இருப்பது ஒருவர் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளக் கூடியதா? இதைப் பற்றி நடந்த ஆய்வுகளும் நெசவூர்களின் வரலாறும் என்ன சொல்கின்றன என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

தமிழில் இந்தக் கேள்விக்கு நெடுநாளாக ஒரு விடை இருந்துவருகிறது. அப்துற் றகீம் எழுதிய வாழ்க்கை முன்னேற்ற நூல்கள் ஒரு தலைமுறைக்குத் துணையாக இருந்தன. அடுத்த தலைமுறைக்கு எம்.எஸ். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்'. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் கடிதம் எதிர்பார்த்துக் கிடந்த இளைஞர்கள் கையில் அந்தப் புத்தகம் இருந்தது. அதைக் கேலி செய்கிறவர்கள் அந்தக் காத்திருப்பை அறியாதவர்கள் என்றே நினைக்கிறேன். ஆனால் உதயமூர்த்தியே எண்ணத்தோடு நின்றுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 1988-இல் அவர் மக்கள் சக்தி இயக்கத்தைத் தொடங்கினார். தனி மனிதனின் எண்ணத்தில் தொடங்கியவர் ஊர் கூடிச் செய்யும் காரியத்துக்கு வந்து சேர்ந்தார். அவரது வாசகர்களில் எத்தனை பேர் அந்த இரண்டாவது படிக்கு ஏறினார்கள் என்பது வேறு விஷயம்.

முதலில் தறியின் பொருளாதாரத்தைப் பார்த்துவிடுவோம். அது தெரியாமல் மனநிலையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. காஞ்சிபுரப் புடவையைவிட எடை குறைவு, விலையும் குறைவு. அதனால் நடுத்தரக் குடும்பத்துக் கல்யாணங்களில் அதற்கு இடம் உண்டு. காஞ்சிபுரத்துக் கடைகளுக்கே இங்கே நெய்து கொடுப்பதும் உண்டு. நெய்கிறவர்களில் பெரும்பாலோர் பட்டுக்கும் ஜரிகைக்கும் சொந்தக்காரர்கள் அல்ல. முதலாளியோ கூட்டுறவுச் சங்கமோ பாவும், குறுக்கிழையான ஊடையும், ஜரிகையும் கொடுக்கும். நெய்து கொடுத்தால் புடவைக்கு இவ்வளவு என்று கூலி. தறியில் ஒருவர் உட்கார்ந்தாலும் உழைப்பது வீடு முழுவதும்தான். கூலி மட்டும் ஒன்று.

ஜரிகையின் உள்ளே இருப்பது வெள்ளி. வெள்ளி விலை ஏறினால் புடவை விலை ஏறும், புடவை விலை ஏறினால் வாங்குகிறவர் தயங்குவார், அவர் தயங்கினால் இங்கே பாவு நிற்கும். 2025-இல் வெள்ளி கிலோ ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிப் போனபோது அந்த ஏற்றத்தில் நெசவாளருக்கு எந்தப் பங்கும் இல்லை; விளைவில் மட்டும் பங்கு இருந்தது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஐப்பசி மழையில் குழித்தறிக்குள் ஈரம் ஊறி வேலை ஓடாது. நல்ல வருடத்திலேயே இப்படித்தான். 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. நெசவாளரும் சார்புத் தொழிலாளரும் சேர்ந்து நாடு முழுவதும் 35 லட்சம் பேர், தமிழ்நாட்டில் 2.43 லட்சம். பத்து ஆண்டுகளுக்கு முந்தைய கணக்கெடுப்பில் நாட்டின் எண்ணிக்கை 43 லட்சமாக இருந்தது.

இதோடு 'அட்வான்ஸ்' என்று ஒன்று இருக்கிறது. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ முதலாளியிடம் வாங்கிய முன்பணம். அது தீரும்வரை வேறு முதலாளிக்கு நெய்ய முடியாது. பெரும்பாலும் அது தீர்வதில்லை. முன்பணத்தை அடைக்கப் பிள்ளைகளையும் தறியில் உட்கார வைத்த கொடுமையைப் பற்றி, காஞ்சிபுரத்தையும் உள்ளடக்கிய ஓர் அறிக்கையை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்டது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஆக, 'முன்முயற்சி எடு' என்று ஒரு நெசவாளரிடம் சொல்லும்போது, எடுக்க அவருக்கு உரிமை இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த வட்டாரம் கண்டவற்றில் மிகப் பெரிய சோதனை 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷத்துப் பஞ்சம். அன்றைய வட ஆற்காடு மாவட்டம் கடுமையாக அடிபட்டது. பஞ்ச நிவாரணத்துக்கு வைசிராய் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள், கல் உடைக்கிற ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று கணக்குப் போட்டார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அது போதாது என்று எழுதிச் சண்டை போட்டார்.

பஞ்சத்தில் முதலில் விழுந்தவர்களில் நெசவாளர்கள் உண்டு. விளைச்சல் பொய்த்துச் சோற்றுக்கே வழியில்லாதபோது புதுத் துணியை யார் வாங்குவார்கள்? அவர்களைக் கல் உடைக்க அனுப்புவதா, வேறு ஏதாவது செய்வதா என்று விவாதம் நடந்தது. கல் உடைத்த கை மறுபடி பட்டிழையைத் தொட்டால் இழை சிக்கும், அறும். கடைசியில் நெசவாளருக்கு நூலைக் கொடுத்து, நெய்த துணியை அரசே வாங்கிக்கொள்ளும் முறை சில இடங்களில் நடந்தது. பிறகு வகுத்த பஞ்ச விதிகளிலும் அது இடம் பெற்றது. துணி விற்றதா, கிடங்கில் தூங்கியதா என்பது அதிகாரிகளின் கவலை. அந்தக் குடும்பம் தறியை விற்காமல் பிழைத்தது. ஊக்கம் என்ற சொல் அந்தக் கோப்புகளில் வராது. ஆனால் ஊக்கத்துக்கு வேண்டிய ஒன்றை, அதாவது நாளைக்கும் இதே வேலை இருக்கும் என்பதை, அந்த ஏற்பாடு காப்பாற்றிக் கொடுத்தது.

இந்த விஷயத்தை முறையாக ஆராய்ந்தவர்கள் இங்கிருந்து வெகு தொலைவில் இருந்தார்கள். ஆனால் அவர்கள் போய் உட்கார்ந்ததும் ஒரு துணி ஊரில்தான். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மரியந்தால் என்றொரு சிற்றூர். ஊரே ஒரு நூல் ஆலையை நம்பி இருந்தது. உலகப் பெருமந்தத்தில் 1929, 30 வாக்கில் ஆலை மூடப்பட்டது. 1931-32 குளிர்காலத்தில் மரீ யகோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்சைசல் என்ற இளம் ஆய்வாளர்கள் அங்கிருந்த 478 குடும்பங்களைப் பற்றித் தகவல் திரட்டினார்கள். வெறும் கேள்வித்தாள் அல்ல. கடிகாரத்தை வைத்துக்கொண்டு தெருவில் மனிதர்கள் நடக்கும் வேகத்தைக்கூட அளந்தார்கள். வேலை இழந்த ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் அடிக்கடி நின்றார்கள். பெண்கள் அப்படி நிற்கவில்லை. சம்பளம் போனாலும் அடுப்பும் பிள்ளைகளும் போகவில்லையே. படிக்க நேரம் ஏராளமாக இருந்தும் ஊர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது பாதியாகக் குறைந்தது. பள்ளிப் பிள்ளைகளிடம் கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று எழுதச் சொன்னார்கள். 'எனக்கு இது வேண்டும்' என்று எழுதாமல், 'அப்பாவுக்கு வேலை இருந்தால் இது வேண்டும் என்று கேட்டிருப்பேன்' என்ற தொனியில் எழுதினார்கள் அந்தப் பிள்ளைகள். ஆசைப்படுவதற்குக்கூட ஒரு 'இருந்தால்' தேவைப்பட்டது.

நம் கேள்விக்கு நேரே விடை சொல்வது அந்த ஆய்வின் ஒரு சிறிய அட்டவணை. குடும்பங்களை மனநிலைப்படி பிரித்தார்கள்: உடையாதவர்கள், ஒடுங்கிப்போனவர்கள், நம்பிக்கை இழந்தவர்கள், எதிலும் பற்றற்றுப் போனவர்கள். பிரித்துவிட்டு, ஆளுக்கு மாதம் எவ்வளவு வருமானம் வருகிறது என்று பார்த்தார்கள். உடையாதவர்களுக்கு 34 ஷில்லிங், ஒடுங்கியவர்களுக்கு 30, நம்பிக்கை இழந்தவர்களுக்கு 25, பற்றற்றவர்களுக்கு 19. மனவுறுதியின் மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் நடுவே வெறும் 15 ஷில்லிங்! உதவித்தொகையின் தவணை முடிய முடியக் குடும்பங்கள் இந்தப் படிகளில் கீழே இறங்கும் என்று அவர்கள் கணித்தார்கள். குணம் என்று நாம் பெயர் வைத்திருப்பதில் எவ்வளவு பங்கு தேதியைப் பொறுத்தது என்று காட்டியதற்காகவே 1933-இல் வெளிவந்த அந்த நூலை இன்றும் படிக்கிறார்கள்.

அதே பெருமந்தக் காலத்தில், 1935-இல், சென்னை மாகாணத்தில் நெசவாளர்களுக்கான தலைமைக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. இன்றைய கோ-ஆப்டெக்ஸ் அதுதான். இரண்டு இடங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது. மரியந்தாலில் வேலை போனது ஒரே நாளில். ஆலைக் கதவு சாத்தப்பட்டது. நம் ஊர்களில் அப்படி யாரும் கதவைச் சாத்துவதில்லை. தறி வீட்டுக்குள் நிற்கிறது. வேலை மட்டும் கசிந்து கசிந்து போகிறது. இந்தக் கசிவில் ஒரு கொடுமை உண்டு: இன்ன நாளில் வேலையிழந்தேன் என்று சொல்லவே முடியாது. அதனால் உதவி கேட்கவும் நாக்கு எழாது.

1952-இல் நிலைமை முற்றியது. கொரியப் போரை ஒட்டி ஏறிய துணி விலை சரிந்து, கைத்தறித் துணி மலையாகத் தேங்கியது. முதலமைச்சர் ராஜாஜி வேட்டியும் சேலையும் கைத்தறிக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று மத்திய அரசிடம் வாதாடினார். 1953-இல் அண்ணாவும் தி.மு.க.வினரும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருத் தெருவாக விற்றார்கள். எதிரெதிர்க் கட்சிகள் ஒரே சரக்குக்கு வாடிக்கையாளர் தேடிய அபூர்வமான காலம் அது. அகில இந்தியக் கைத்தறி வாரியம் 1952-இல் அமைந்தது. ஆலைத் துணிக்குக் கஜத்துக்கு மூன்று தம்பிடி கூடுதல் வரி போட்டு அந்தப் பணத்தைக் கைத்தறிக்கும் கதருக்கும் திருப்பும் சட்டம் 1953-இல் வந்தது. தொ.மு.சி. ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' நாவலும் அதே 1953-இல்தான் வெளிவந்தது. பட்டினி கிடந்த நெசவாளர்களைப் பற்றிய கதை அது. ஆனால் தனி மனிதனின் மனவுறுதியில் அல்ல, சேர்ந்து நிற்பதில்தான் ரகுநாதன் தன் நம்பிக்கையை வைத்தார்.

அந்தக் கட்டத்தைத் திரும்பிப் பார்க்கும்போது ஒன்று புலப்படுகிறது. நெசவாளர்கள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. ஊர்வலம் போனார்கள், சங்கம் கட்டினார்கள். அவர்களுடைய முன்முயற்சி தறியின் முன்னால் தனியே உட்கார்ந்து நல்லதை நினைப்பதாக இருக்கவில்லை. வாங்குகிறவனை உண்டாக்குவதாக இருந்தது. பின்னால் வந்த பல ஏற்பாடுகளும் அந்தத் தடத்தில்தான் நடந்தன: 1983-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய இலவச வேட்டி சேலைத் திட்டம், 1985-இன் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். ஒதுக்கீட்டுச் சட்டம் 22 வகைத் துணிகளில் தொடங்கிப் பின்னர் 11-ஆகச் சுருங்கியது. கைத்தறி வாரியத்தின் கதை இன்னும் சுவாரசியம்: ஒரு நெருக்கடியில் பிறந்தது, 2020 ஜூலையில் இன்னொரு நெருக்கடியின் நடுவே கலைக்கப்பட்டது.

இப்போது நம் மாவட்டத்துக்கே வருவோம். வறுமையும் மனமும் பற்றிய உலகப் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்புக் காட்டில் நடந்தது என்பது இங்குள்ள பலருக்கே தெரியாது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் 54 கிராமங்களில் 464 கரும்பு விவசாயிகளை இரண்டு முறை சோதித்தார்கள்: அறுவடைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. கரும்புக்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் மொத்தமாகப் பணம் வரும். அறுவடைக்கு முன் நகை அடகுக் கடையில் இருக்கும். பின்னர் மீண்டு வரும். ஆலை எந்த வயலை எப்போது வெட்டச் சொல்லும் என்பது ஆளுக்கு ஆள் மாறுவதால், பருவ காலத்தின் விளைவைப் பணத்தின் விளைவிலிருந்து பிரித்துப் பார்க்கவும் முடிந்தது. அதே மனிதர் கையில் பணம் இல்லாதபோது புதிர்களில் குறைவாகவும், பணம் வந்தபின் அதிகமாகவும் மதிப்பெண் பெற்றார். ஆளும் மாறவில்லை, படிப்பும் மாறவில்லை, மாறியது கையிருப்பு. 2013-இல் 'சயின்ஸ்' இதழில் முடிவு வெளியானது. கடன் கவலை மூளையின் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

இதை முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் ஏழைகளைச் சோதித்து, அறிவாற்றலில் வேறுபாடு எதையும் காணவில்லை என்று 2016-இல் வேறொரு குழு எழுதியது. வாரச் சம்பளக்காரரின் தட்டுப்பாடும் வருடத்துக்கு ஒருமுறை காசு பார்க்கும் கரும்புக்காரரின் தட்டுப்பாடும் ஒன்றல்ல என்று எனக்குப் படுகிறது. பாவு வருமா வராதா என்றே தெரியாத நெசவாளரின் நிலை மூன்றாவது வகை. அதை யாராவது இப்படி அளந்தால் நன்றாயிருக்கும்.

இதுவரை சொன்னதை வைத்து, காசு இருந்தால் ஊக்கம் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது என்று முடித்துவிடலாம்போலத் தோன்றும். அப்படியும் முடிக்க முடியாதபடி குறுக்கே நிற்கிறது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு சோதனை. டோகோ நாட்டின் தலைநகர் லோமேயில் 1,500 சிறு வியாபாரிகளை மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குக் கணக்கு வழக்கு, விற்பனை என்று வழக்கமான வியாபாரப் பயிற்சி. இன்னொரு பிரிவுக்கு 'முன்முயற்சி'ப் பயிற்சி: யாரும் சொல்லாமல் தானே தொடங்குவது, அடுத்து வரக்கூடிய தடையை இப்போதே யோசித்து வைப்பது, ஒரு வழி அடைபட்டால் இன்னொன்றைத் தேடுவது. மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் முன்முயற்சி கற்றவர்களின் லாபம் 30 சதவீதம் உயர்ந்தது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களுக்கு 11 சதவீதம். அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்று தள்ளிவிடக்கூடிய அளவு. 2017-இல் இதுவும் 'சயின்ஸ்' இதழில்தான் வந்தது.

இந்தப் பயிற்சிக்கு அடிப்படையான ஆய்வைச் செய்தவர் மைக்கேல் ஃப்ரேசே என்ற ஜெர்மானிய உளவியலாளர். அவர் அதைத் தொடங்கியது 1990-களின் கிழக்கு ஜெர்மனியில். மேலிருந்து உத்தரவு வந்தால் மட்டும் செய்து பழகியவர்கள் திடீரென்று சந்தையில் தள்ளப்பட்ட இடம் அது. அவர் கண்டதில் நமக்கு வேண்டியது, முன்முயற்சி என்பது பிறவிக் குணம் அல்ல என்பது. அது ஒரு பழக்கம், கற்றுக்கொடுக்கலாம். அமெரிக்க உளவியலாளர்களான மாயரும் செலிக்மனும் இதற்கு இன்னொரு கதவைத் திறந்தார்கள். 1967-இல், தப்ப வழியில்லாத அதிர்ச்சிக்குத் திரும்பத் திரும்ப ஆளான விலங்குகள் வழி இருக்கும்போதும் முயலாமல் படுத்துவிடுவதைக் கண்டு, கையறுநிலை கற்றுக்கொள்ளப்படுகிறது என்று எழுதியவர்கள் அவர்கள். ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து 2016-இல் தங்கள் முடிவைத் தாங்களே தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தில் படுத்துவிடுவதுதான் உடலின் இயல்பு, 'என் செயலால் ஏதோ மாறுகிறது' என்பதுதான் கற்றுக்கொள்ளப்படுவது என்றார்கள். எனக்கு இது மிகப் பெரிய திருத்தமாகத் தோன்றுகிறது. அப்படியானால் சோர்ந்து கிடப்பவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவருக்குக் காட்ட வேண்டியது ஒரு சிறு வெற்றி. தான் இழுத்ததால்தான் கதவு திறந்தது என்று அவரே காணும்படியான ஒன்று.

லோமேயின் வியாபாரிகளுக்குச் சொந்தச் சரக்கு இருந்தது, சொந்தக் கல்லாப்பெட்டி இருந்தது என்பதையும் மறக்கக்கூடாது. கூலிக்கு நெய்பவரிடம் அந்தப் பயிற்சியை நடத்தினால் அவர் எதில் முயல்வார்? வடிவமைப்பு முதலாளியுடையது, நிறம் முதலாளியுடையது, விலை கடைக்காரருடையது.

ஆனாலும் முயன்றிருக்கிறார்கள். 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாமல் போனபோது ரொக்கக் கூலியில் ஓடிய தறிகள் தடுமாறின. அடுத்த ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது. 2020 மார்ச் ஊரடங்கு பங்குனி, சித்திரை முகூர்த்தங்களை அப்படியே விழுங்கிவிட்டது. நெய்த புடவைகள் பீரோவில் அடுக்கிக் கிடந்தன. கல்யாணமே ஐம்பது பேரோடு நடந்தபோது முகூர்த்தப் புடவைக்கு எங்கே போவது? அந்த ஆண்டுகளில் தமிழ்நாட்டின் நெசவூர்களில் மூன்று வகையான அசைவுகள் தெரிந்தன.

ஒன்று, கனமான முகூர்த்தப் புடவையை விட்டு 'சாஃப்ட் சில்க்' எனும் மெல்லிய புடவைக்கு மாறுவது. ஜரிகை குறைவு, விலை குறைவு, கல்யாணம் இல்லாத நாளிலும் கட்டலாம். எடை குறைந்த புடவைக்குப் பெயர்போன ஆரணிக்கு இது புதிய பாடம் அல்ல. இரண்டாவது, வாட்ஸ்அப். வீட்டில் படித்த மகனோ மகளோ புடவையைப் படம் எடுத்து நேரே வாங்குகிறவருக்கு அனுப்புவது. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் புடவை தன்னுடையதாக இருந்தால்தான் அனுப்ப முடியும். அட்வான்ஸ் பாக்கி இல்லாத, ஒன்றிரண்டு பாவுக்குத் தானே பட்டு வாங்கிப் போடும் வசதியுள்ள குடும்பங்களே பெரும்பாலும் இதைச் செய்தன. மரியந்தாலின் 34 ஷில்லிங் குடும்பங்கள் என்று சொல்லலாம். ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயம் கோ-ஆப்டெக்ஸின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, புடவையோடு நெய்தவரின் படத்தையும் சேர்த்து விற்கும் ஏற்பாடு வந்தது. அட்வான்ஸில் இருப்பவருக்கும் முகம் கிடைத்த ஏற்பாடு என்பதால் எனக்கு அது வாட்ஸ்அப்பைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

மூன்றாவது அசைவை நாளிதழ்கள் 'அழியும் நெசவு' என்ற தலைப்பில் எழுதுகின்றன: தறியை விட்டுப் போவது. செய்யாறு சிப்காட்டின் காலணித் தொழிற்சாலைக்குச் சுற்று வட்டாரத்திலிருந்து பெண்கள் கம்பெனி பஸ்ஸில் போகிறார்கள். தறிக்குழியில் அப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்து, சம்பளம் என்று ஒன்றைத் தனியாகக் கண்டறியாத பெண்ணுக்கு, மாதம் முதல் வாரத்தில் தன் பெயரில் வங்கிக் கணக்கில் பணம் விழுவது என்ன பொருள் தரும் என்று அந்தத் தலைப்பை எழுதுகிறவர்கள் யோசிப்பதில்லை. பாரம்பரியம் போகிறதே என்று எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஊக்கமும் முன்முயற்சியும் நல்லவை என்று மேடையில் பேசிவிட்டு, அந்தப் பெண் பஸ் ஏறும்போது மட்டும் அதை அழிவு என்று அழைப்பது நியாயமில்லை. கஷ்ட காலத்தில் இந்த வட்டாரம் எடுத்த முன்முயற்சிகளில் மிகப் பெரியது, ஒருவேளை, அந்தக் காலை நேரத்து பஸ்ஸாக இருக்கலாம்.

எல்லா அசைவும் நல்ல அசைவு அல்ல. கெட்ட காலத்தில் சும்மா இருக்கக் கூடாது என்ற உந்துதல்தான் பலரைக் குழுக்கடனில் கொண்டுபோய் விடுகிறது. ஒரு கடனை அடைக்க இன்னொன்று. வாரத் தவணைக்கு வாசலில் ஆள். 2025-இல் கடன் வசூல் வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாடு ஒரு சட்டமே இயற்ற வேண்டிய அளவுக்கு அது போனது. தேங்கி நிற்கும் சந்தையில் கடன் வாங்கி இன்னொரு தறி போட்டவரைவிட, இருந்த தறிக்குத் துணி போர்த்திவிட்டு நூறு நாள் வேலைக்குப் போனவர் புத்திசாலி என்று பின்னால் தெரிந்த வீடுகள் உண்டு. அப்போது பார்த்தவர்கள் முன்னவரை ஊக்கமுள்ளவர் என்றும் பின்னவரைச் சோர்ந்தவர் என்றும்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆக, தேர்ந்தெடுக்கலாமா என்ற கேள்விக்கு என் விடை இது: மலர்ந்த முகத்தை யாரிடமும் கேட்க நமக்கு உரிமை இல்லை, அடுத்த அடியைத் தானே எடுத்துவைக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கலாம், கற்றுக்கொள்ளலாம். ஆனால் அதற்குக் காலூன்ற ஒரு சாண் இடம் வேண்டும். சில வாரத்து அரிசி, மீட்க முடிகிற அளவு அடகு, திருப்பிக் கேட்காத ஒரு சங்கம், துணியை வாங்கிக்கொள்ள ஓர் ஆள். ஒரு சாண் இருந்தால் மனிதர்கள் வியக்கத்தக்க அளவு நகர்கிறார்கள். அதுவும் இல்லாதபோது நகராமல் இருப்பதில் வியப்பு எதுவும் இல்லை.

பாவு முடியும் நாளில் ஒரு சங்கதி உண்டு. கடைசிப் புடவையை அறுத்து எடுக்கும்போது, இழைகள் புகுந்து வரும் விழுதும் அச்சும் காலியாகிவிடாதபடி கொஞ்சம் பாவைத் தறியிலேயே விட்டுவைப்பார்கள். அடுத்த பாவு வந்தால் அதன் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக இந்தப் பழைய இழைகளோடு பிணைத்துவிடலாம். அது இல்லாவிட்டால் விழுதிலும் அச்சிலும் புதிதாகக் கோத்துக்கொண்டு வர வேண்டும், நாள்கணக்கில் ஆகும். வேலை நின்ற தறியில், மேலே பழைய வேட்டியைப் போர்த்தி, எலி அண்டாமல் பார்த்துக்கொள்வது இந்தக் கொஞ்சத்தைத்தான். மாதக்கணக்கில் பாவு வராத வீடுகளிலும் அதை அவிழ்ப்பதில்லை. அந்தப் பட்டும் முதலாளியுடையதுதான்.